மனம் எப்படி அறிகிறது? பட்டப் படிப்பாக அறிதல் அறிவியல்



கண்தான் பார்க்கிறது என்று நாம் சொல்கிறோம். ஆனால் தூரத்தில் சிறியதாகத் தெரியும் பேருந்தைப் பொம்மை என்று யாரும் நினைப்பதில்லை. கண்ணில் விழுந்த உருவம் சிறியது. அது தூரத்தில் இருக்கிறது, ஆகவே பெரியதுதான் என்று உள்ளே ஒரு கணக்கு நடந்துவிடுகிறது. அந்தக் கணக்கு நடந்ததே நமக்குத் தெரிவதில்லை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் இருந்துகொண்டு ‘கிதாபுல் மனாஸிர்’ எழுதிய அறிஞர் இப்னுல் ஹைஸம் இதைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறார். நாம் காண்பவற்றில் பல, அனுமானத்தாலும் தீர்ப்பாலும் அறியப்படுகின்றன. அது மிக வேகமாக நடப்பதால் மனிதன் அதை உணர்வதில்லை என்பது அவருடைய கருத்து.

பார்ப்பது, நினைவில் வைப்பது, பேசுவது, கற்றுக்கொள்வது, முடிவெடுப்பது ஆகிய இவை எல்லாம் எப்படி நடக்கின்றன என்று ஆராய்வதற்கு இன்று ஒரு தனித்துறை இருக்கிறது. ஆங்கிலப் பெயர் காக்னிடிவ் சயின்ஸ். தமிழில் அறிதல் அறிவியல் எனலாம். பிளஸ் டூ முடிக்கும் நம் பிள்ளைகள் சிலர் இந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். “அது டாக்டர் படிப்பா, கம்ப்யூட்டர் படிப்பா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குடும்பத்தின் சேமிப்பும் பிள்ளையின் நான்கு ஆண்டுகளும் இதில் இருக்கின்றன. எனவே இந்த இதழில் அந்தப் படிப்பை உள்ளே சென்று பார்ப்போம். பட்டப் படிப்பாக இதை நடத்துவதில் முன்னோடியான ஒரு பெரிய பல்கலைக்கழகத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்: அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியாகோ நகரின் லா ஹோயா பகுதியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், சான் டியாகோ.

1. ஒரே கேள்வி, ஆறு வாசல்

“வாப்பா தேநீரில் சர்க்கரையும் செருப்பும் போட்டுக் குடித்தார்.” இந்த வாக்கியத்தைப் படித்ததும் ‘செருப்பு’ என்ற இடத்தில் உங்கள் மனம் ஒரு கணம் தடுக்கியிருக்கும். தலையில் மின்முனைகளைப் பொருத்தி அளந்தால், இப்படிப் பொருந்தாத சொல் வந்து சுமார் 400 மில்லி விநாடியில், அதாவது அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில், மூளையின் மின்னலையில் ஒரு மாற்றம் தெரியும். இதை மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இருவர் 1980இல் வெளியிட்டார்கள். நாம் உதாரணமாக எடுத்துக்கொண்ட அதே சான் டியாகோவில்தான் அந்த ஆய்வு நடந்தது. இதற்கு என்.400 என்று பெயர்.

இந்தச் சின்னத் தடுக்கலை எத்தனை பேர் ஆராய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்து என்ன சொல் வரும் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று மொழியியலார் கேட்பார். அந்த அலை மூளையில் எப்படி எழுகிறது என்று நரம்பியலார் கேட்பார். சோதனையை ஏமாற்றமின்றி எப்படி நடத்துவது என்று உளவியலார் யோசிப்பார். அடுத்த சொல்லை ஊகிக்கும் நிரலை எழுத முடியுமா என்று கணினியியலார் முயல்வார். ‘பொருள்’ என்றால்தான் என்ன என்று தத்துவம் படித்தவர் கேட்பார். ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் இது மாறுமா என்று மானிடவியலார் பார்ப்பார். இந்த ஆறு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அதுதான் அறிதல் அறிவியல்.

ஆகவே பெற்றோரின் கேள்விக்கு முதல் பதில் இது: டாக்டர் படிப்பிலும் கம்ப்யூட்டர் படிப்பிலும் சில பகுதிகள் இதில் உண்டு. ஆனால் இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் மருத்துவராகவோ, சிகிச்சை தரும் உளவியலராகவோ ஆக முடியாது. அதற்கு மேற்படிப்பும் உரிய பதிவும் வேண்டும். பட்டத்தின் பெயரைக் கேட்டு ‘மனநல டாக்டர்’ என்று நினைத்துக்கொண்டு பணம் கட்டும் குடும்பம் பின்னால் வருந்த நேரிடும்.

2. எப்படிப் பிறந்தது?

1956 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு கருத்தரங்கு நடந்தது. நினைவின் கொள்ளளவு பற்றி ஜார்ஜ் மில்லர், மொழியின் அமைப்பு பற்றி நோம் சோம்ஸ்கி, தர்க்கத் தேற்றங்களை நிறுவும் கணினி நிரல் பற்றி ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் ஆகியோர் அங்கே பேசினார்கள். மூன்றும் ஒரே பெரிய விஷயத்தின் துண்டுகள் என்ற எண்ணம் மில்லருக்கு அங்கேதான் வந்தது. 1977இல் இத்துறைக்கென ஓர் ஆய்விதழ் தொடங்கியது. 1979இல் இத்துறைச் சங்கத்தின் முதல் மாநாடு லா ஹோயாவில் கூடியது. 1986இல் சான் டியாகோ பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு தனித் துறையை அமைத்தது. உலகில் இப்படி அமைந்த முதல் துறை அது. டொனால்ட் நார்மன் அதன் முதல் தலைவர்.

அதே 1986இல் அங்கே பணியாற்றிய டேவிட் ரூமல்ஹார்ட், ரொனால்ட் வில்லியம்ஸ் இருவரும் ஜெஃப்ரி ஹிண்டனோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். செயற்கை நரம்பு வலை தன் பிழையைப் பின்னோக்கி அனுப்பித் தன்னைத் திருத்திக்கொள்ளும் வழியை அது விளக்கியது. இன்று எல்லோர் கைப்பேசியிலும் இருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு அது ஒரு முக்கிய அடித்தளம். ஹிண்டன் 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கணினியில் ‘அல்காரிதம்’ என்ற சொல்லே பாக்தாதின் அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்பதையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

3. நான்கு ஆண்டுகளில் என்ன படிக்க வேண்டும்?

நம் ஊர்க் கல்லூரிகளில் செமஸ்டர் முறை. சான் டியாகோவில் குவார்ட்டர் முறை. ஒரு குவார்ட்டருக்குப் பத்து வாரம் வகுப்பு, அதன்பின் ஒரு வாரம் தேர்வு. இப்படி ஆண்டுக்கு மூன்று. பட்டம் பெற 180 யூனிட் தேவை. பெரும்பாலான பாடங்களுக்கு 4 யூனிட். ஆக, ஒரு குவார்ட்டருக்கு மூன்று அல்லது நான்கு பாடம் எடுத்தால்தான் நான்கு ஆண்டில் முடிக்க முடியும். நான்காவது, ஐந்தாவது வாரத்திலேயே முதல் பருவத் தேர்வு வந்துவிடும். ‘கடைசியில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்’ என்ற நம் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

தொடக்கப் பாடங்கள்: துறை அறிமுகம், கால்குலஸ், புள்ளியியல், ஆய்வு முறைகள், பைத்தான் மொழியில் நிரல் எழுதுதல், மூளையின் அமைப்பு. கணக்குக்குப் பயந்து ‘மனம் பற்றிய படிப்பு’ என்று இதைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளை முதல் ஆண்டிலேயே திணறும். பிளஸ் டூவில் கணக்கு இல்லாத பிரிவு எடுத்தவர்கள், சேருவதற்கு முந்தைய கோடை விடுமுறையில் கால்குலஸின் அடிப்படையையும் பைத்தானையும் கற்றுக்கொள்வது மிக அவசியம்.

மேல் வகுப்புகளில் புலனுணர்வு, நினைவு, கவனம், மொழி, நரம்பியல், வடிவமைப்பு என்று பாடங்கள் விரிகின்றன. எச்.எம். என்று பாடநூல்கள் குறிப்பிடும் ஹென்றி மொலைசன் பற்றிப் படிக்காத மாணவர் இருக்க மாட்டார். வலிப்பு நோய்க்காக 1953இல் அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திர வடிவத்தை வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கைக்கு மட்டும் பழக்கம் வந்துவிட்டது. நினைவு என்பது ஒரே பெட்டி இல்லை, பல வகை உண்டு என்பதை உலகம் இவரால் தெரிந்துகொண்டது. 2008இல் அவர் இறந்தபின், அவர் மூளையை 2,401 மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பாதுகாத்ததும் சான் டியாகோ பல்கலைக்கழகத்தில்தான்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் பாடம் உண்டு. எட்வின் ஹட்சின்ஸ் என்ற பேராசிரியர் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் ஏறி, மாலுமிகள் எப்படிக் கூட்டாக வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று கவனித்து 1995இல் நூலாக எழுதினார். கப்பலைச் செலுத்தும் அறிவு முழுவதும் எந்த ஒருவர் தலையிலும் இல்லை. பல ஆட்கள், வரைபடம், கருவிகள் எல்லாவற்றிலும் அது பங்கிடப்பட்டிருக்கிறது என்றார். டொனால்ட் நார்மனோ அன்றாடப் பொருள்களைப் பார்த்தார். தள்ள வேண்டிய கதவை ஆட்கள் இழுத்தால் அது ஆட்களின் மடமை என்று விட்டுவிடாமல், கதவின் வடிவமைப்பைக் குறை சொல்லக் கற்றுத் தந்தார்.

அறிவியல் பட்டம் பெறுவோர் சிறப்புப் பிரிவு ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: நோய்நிலை சார்ந்த அறிதல், வடிவமைப்பு, மொழியும் பண்பாடும், இயந்திரக் கற்றல், நரம்பியல். பட்டம் ஒன்றுதான், ஆனால் வடிவமைப்பு எடுத்தவரும் நரம்பியல் எடுத்தவரும் நான்கு ஆண்டு முடிவில் வெவ்வேறு வேலைக்குத் தயாரானவர்கள். இந்தக் கட்டுரையில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பொறியியலில் பாடத்திட்டமே மாணவனை ஓரளவு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இந்தப் படிப்பில் மாணவன்தான் தன் பாதையைக் கோர்த்துக்கொள்ள வேண்டும். எதை அறிய ஆசைப்படுகிறேன் என்ற கேள்வி கையில் இல்லாதவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் தொட்டுவிட்டு, எதிலும் ஆழமில்லாமல் வெளியே வருவார்.

4. பெரிய பல்கலைக்கழகத்தில் தொலைந்து போகாமல் இருக்க

சான் டியாகோவில் மொத்தம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். தொடக்க வகுப்புகளில் ஒரே அரங்கில் நூற்றுக்கணக்கானோர் உட்காருவார்கள். பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரியாது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. விரும்பிய பாடத்தில் இடம் நிரம்பிவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் நிற்க வேண்டும். கூட்டம் அதிகமுள்ள துறைகளுக்குச் சேர்ந்தபின் மாறிக்கொள்ளலாம் என்று நம்பிப் போவதும் ஆபத்து. விண்ணப்பிக்கும்போதே விதிகளைப் படித்துவிடுங்கள்.

ஆனால் அந்தப் பெருங்கூட்டத்துக்குள் சிறு வாசல்கள் பல உண்டு. பெரிய வகுப்புகளுக்குத் துணையாக, முதுநிலை மாணவர்கள் நடத்தும் சிறு குழு வகுப்பு இருக்கும். ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களைச் சந்திப்பதற்கென்றே ஒதுக்கியிருப்பார். ஆய்வுக்கூடங்களில் இளநிலை மாணவர்களையும் உதவியாளராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். சோதனைக்கு வருவோரை வரவேற்பது, தரவைச் சரிபார்ப்பது என்று சிறு வேலையில் தொடங்கி, தனி ஆய்வு வரை போகலாம். மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தரப் போகிறவர் அந்த ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர்தான்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு தடை இருக்கிறது. ஆசிரியர் முன் வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை என்று வளர்த்திருக்கிறோம். அங்கே கேள்வியோடு போய் நிற்பதுதான் மரியாதை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. பாடத்தைப் படித்துவிட்டு, புரியாத இடத்தைக் குறித்துக்கொண்டு, “ஐயா, இந்த இடம் எனக்கு விளங்கவில்லை” என்று மூன்றாவது வாரத்துக்குள் ஒரு முறையாவது போய்க் கேட்கும் பிள்ளை தொலைந்து போகாது. பெண் பிள்ளைகளுக்கும் இதை வீட்டிலேயே பழக்குங்கள்.

5. படிக்கும் முறையை இந்தப் படிப்பே கற்றுத் தருகிறது

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. பிறகு மறதியின் வேகம் குறைகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவு நிற்கிறது.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாராரை மீண்டும் ஒரு முறை படிக்கச் சொன்னார்கள். மறு சாராரைத் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. திரும்பப் படித்தவர்கள் சுமார் 42 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதியவர்கள் சுமார் 56 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். மஞ்சள் பேனாவால் கோடிட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பது ‘தெரிந்துவிட்டது’ என்ற எண்ணத்தைத் தருகிறது, அறிவைத் தருவதில்லை.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது பழகிய வழிதான். உஸ்தாத் பாடம் நடத்திப் போனபின் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் பாடத்தைச் சொல்ல மற்றவர்கள் திருத்தும் ‘தக்ரார்’ முறை அங்கே உண்டு. கல்லூரிப் பாடத்துக்கும் அதையே செய்யுங்கள். வாரம் இரு முறை மூன்று பேர் கூடி, புத்தகத்தை மூடிவிட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுங்கள். இந்தப் படிப்பில் சேராத பிள்ளைகளுக்கும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

6. செலவும் வேலையும்

சான் டியாகோ ஓர் அரசுப் பல்கலைக்கழகம். ஆனால் கலிபோர்னியாவைச் சேராத மாணவர்கள் தனியே கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்தால் வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக்கு ஐம்பது லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. படிக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம்; அது கைச்செலவுக்கு உதவும், கட்டணத்துக்கு ஈடாகாது. வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை என்று உறுதியாக இருக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய மலை என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டையும் நகையையும் வைத்துப் பிள்ளையை அனுப்புமுன் நூறு முறை யோசியுங்கள்.

வேறு வழி இருக்கிறது. நம் நாட்டில் அலகாபாத் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், கான்பூர் ஐ.ஐ.டி., காந்திநகர் ஐ.ஐ.டி. ஆகியவற்றில் இந்தத் துறை இருக்கிறது. இங்கே இதன் பலம் முதுநிலைப் படிப்பிலும் ஆராய்ச்சியிலும்தான். ஆகவே அருகிலுள்ள நல்ல கல்லூரியில் உளவியல், கணிதம், கணினி அறிவியல், உயிரியல், மொழியியல் இவற்றில் ஒன்றில் இளநிலைப் பட்டம் பெறலாம். கூடவே புள்ளியியலும் பைத்தானும் கற்றுக்கொண்டு, முதுநிலையில் இந்தத் துறைக்குள் நுழையலாம். பல துறைகள் கூடும் படிப்பு என்பதால் பல துறையினருக்கும் அங்கே கதவு திறந்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் தகுதி விதியையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை என்று பார்த்தால், செயலிகளையும் கருவிகளையும் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் பணி, தரவுப் பகுப்பாய்வு, மென்பொருள், கல்விக் கருவிகள் உருவாக்கம், மருத்துவ ஆய்வுக்கூட உதவி ஆகியவை பொதுவான வழிகள். எந்த வழிக்கும் பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது. செய்து காட்டிய வேலை ஒன்று, அது ஆய்வாகட்டும், நிரலாகட்டும், வடிவமைப்பாகட்டும், கையில் இருக்க வேண்டும்.

7. விண்ணப்பிக்குமுன் எழுதிப் பாருங்கள்

பிள்ளையும் பெற்றோரும் தனித்தனியே ஒரு தாளில் கீழுள்ளவற்றுக்குப் பதில் எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பேசுங்கள்.

அ. மனம், மூளை, மொழி, கணினி இவற்றில் எந்த ஒரு கேள்வி உன்னை விடாமல் துரத்துகிறது? ஒரே வாக்கியத்தில் எழுது.

ஆ. கணக்கும் நிரலும் கட்டாயம் என்று தெரிந்த பின்னும் இந்தப் படிப்பு வேண்டுமா?

இ. தெரியாததைத் தெரியாது என்று ஆசிரியரிடம் போய்க் கேட்கும் பழக்கம் உனக்கு இருக்கிறதா?

ஈ. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவு என்ன? அதில் கையிருப்பு எவ்வளவு, உறுதியான உதவித்தொகை எவ்வளவு, மீதி எங்கிருந்து வரும்?

உ. இதே கேள்வியை நம் நாட்டில் குறைந்த செலவில் தொடர வழி இருக்கிறதா?

முதல் கேள்விக்குப் பிள்ளையால் பதில் எழுத முடியாவிட்டால் அவசரப்பட வேண்டாம். ஓராண்டு ஏதேனும் ஒரு நல்ல இளநிலைப் படிப்பில் இருந்துகொண்டே அந்தக் கேள்வியைத் தேடட்டும். பதில் எழுதிவிட்டால், நான்காவது கேள்வியைப் பெற்றோர் ஒளிவுமறைவின்றிப் பிள்ளையோடு பேசுங்கள். வீட்டின் நிலை தெரிந்து படிக்கும் பிள்ளை பொறுப்போடு படிக்கும். உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர்கள் கடைசித் தேதிக்கு முந்தைய மாதமே சான்றிதழ்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். எந்த வாசல் வழியாக நுழைந்தாலும், தெளிவோடு நுழையும் பிள்ளைக்குப் படிப்பு பலன் தரும், இன்ஷா அல்லாஹ்.